நாரியில் ஊசியா, ஸ்கேனா, கையில் இரத்தமா?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும் சின்னம்மாவுக்கு வயது 66. போன மாதம் ஒரே பின்னேரத்தில் மூன்று தரம் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். மூன்று தரமும் அதுதான் முதல் தரம் என்று நினைத்துக்கொண்டு தந்தார். அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. “வயசு போனா அறளை பெயரும்தானே” என்றார்கள் எல்லோரும். நானும் அதையே சொன்னேன். அப்படியே நான்கு வருடம் போனது. இன்றைக்கு அம்மா என்னைத் தன் தம்பி என்று நினைத்துக் கூப்பிடுகிறார். அதனால் சின்னம்மா விஷயத்தில் இந்த முறை முன்கூட்டியே வாசிக்கத் தொடங்கினேன்.

பி12 குறைவு, தைரொயிட், மனச்சோர்வு, மூளைக்குள் கட்டி அல்லது நீர்த்தேக்கம் ஆகியவற்றாலும் மறதி வரலாம். இவற்றை முதலில் பார்த்துத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகும் அல்சைமர் (நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் மூளை நோய்) சந்தேகம் நின்றால் மூன்று வழி உண்டு: முள்ளந்தண்டு நீர் (மூளையையும் முண்ணாணையும் சுற்றியிருக்கும் நீர், நாரியில் ஊசி போட்டு எடுப்பது), அமிலொயிட் பெற் ஸ்கேன் (கதிரியக்கப் பொருளை ஏற்றி மூளையைப் படமெடுப்பது), இரத்தம்.

மூன்றும் தேடுவது அதே தடயங்களைத்தான். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலொய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஆகுஸ்டே டேட்டர் இறந்த பிறகு அவருடைய மூளையை வெட்டிப் பார்த்துத்தான் புரதப் படிவுகளையும் நரம்புக்குள் முறுகிய நார்களையும் கண்டார். படிவு அமிலொயிட், நார் டௌ. உயிரோடு இருக்கும்போதே அவற்றைக் காண்பதுதான் இங்கே போட்டி.

முள்ளந்தண்டு நீரைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் பயமும் அதிலேதான் அதிகம். “முதுகுத் தண்ணி எடுத்தா நடக்கேலாமப் போயிடும்” என்று மாமியே சொன்னார். முண்ணாண், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டு, முதலாம், இரண்டாம் நாரி முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடுகிறது. ஊசி போவது அதற்குக் கீழே, மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட இடைவெளியில். உடம்பில் இந்த நீர் ஏறக்குறைய 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்கு 500 மில்லிலீற்றர் அளவில் புதிதாக ஊறுகிறது. பத்து மில்லிலீற்றர் எடுத்தால் அரை மணித்தியாலத்தில் அந்த அளவு திரும்ப ஊறிவிடும். சிலருக்குச் சில நாள் தலையிடி வரும், ஆனால் வயதானவர்களுக்கு அது இளையவர்களைவிடக் குறைவு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

அந்த நீர் என்ன சொல்லும்? மகாவலி ஆறு எங்கள் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. வழியில் மணல் திட்டாகப் படிந்தால் குடாவுக்கு வரும் மணல் குறையும். அமிலொயிட்டின் ஒரு வகையான அமிலொயிட் 42 அப்படித்தான்: மூளையில் படியப் படிய, நீரில் குறைகிறது. டௌ நேர்மாறு, நோய் முற்ற முற்ற நீரில் கூடுகிறது. பக்கவாதம் வந்தாலும் மொத்த டௌ ஏறும், ஆனால் பொஸ்பேற்று ஏறிய டௌ அல்சைமரைத்தான் கூடுதலாகச் சுட்டும். ஒரே ஊசியில் படிவு, நார் இரண்டையும் பற்றிய தகவல் கிடைக்கிறது. வேறு மூளை நோய்களையும் அதே நீரில் தேடலாம். எனக்கு இதன் மேல் மதிப்பு வந்தது இதனால்தான்.

குறை போத்தலில் இருக்கிறது. அமிலொயிட் 42 கண்ணாடியிலும் சில பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த குழாய் வேண்டும். பிழையான குழாயில் எடுத்தால் அளவு குறைந்து, நோய் இல்லாதவருக்கும் நோய் போலக் காட்டிவிடும். அமிலொயிட் 42ஐ இன்னொரு வகையான அமிலொயிட் 40ஓடு சேர்த்து விகிதமாகப் பார்த்தால் இந்தப் பிழை பெருமளவு அடங்கும். நீரை வெளியூர் ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதானால் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற் ஸ்கேனில் நாரி ஊசி இல்லை, படிவு எங்கே இருக்கிறது என்று படமாகவே தெரியும். ஆனால் அதற்கான கதிரியக்கப் புளோரின் 110 நிமிடத்துக்கொரு தடவை பாதியாகிறது. கொழும்பில் செய்து தரைவழியே ஆறு மணித்தியாலத்தில் திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே நோயாளிதான் ஸ்கேனைத் தேடிப் போக வேண்டும். செலவும் மூன்றிலும் கூட. எங்கள் ஊருக்கு இது கடைசித் தெரிவு.

இரத்தப் பரிசோதனைதான் எல்லோருக்கும் ஆசை காட்டுவது, எனக்கும்தான். 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எவ்.டி.ஏ., டௌ 217க்கும் (பொஸ்பேற்று ஏறிய டௌவில் ஒரு வகை) அமிலொயிட் 42க்குமான விகிதத்தை இரத்தத்தில் அளக்கும் பரிசோதனையை, அறிகுறி உள்ள, 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஏற்றுக்கொண்டது. 499 பேரின் மாதிரிகளில், ‘உண்டு’ என்று வந்தவர்களில் 91.7 வீதமானோருக்குப் படிவு உண்மையில் இருந்தது. ‘இல்லை’ என்று வந்தவர்களில் 97.3 வீதமானோருக்கு இல்லை. இரண்டுக்கும் நடுவே விழுந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு நாரி ஊசியோ ஸ்கேனோதான் கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் டௌ 217 தானாகவே ஏறும். சிறுநீரக நோய் மலிந்த வடமத்திய மாகாணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேற்றினின் அளவைப் பார்க்காமல் இந்த அறிக்கையை நம்பக்கூடாது.

“தெரிஞ்சு என்ன செய்யப்போறாய்?” என்று அண்ணா கேட்டார். நியாயமான கேள்விதான். டொனெபெசில் என்ற மருந்து, நினைவுக்கு உதவும் மூளை இரசாயனமான அசற்றைல்கோலின் சிதைவதைக் குறைத்து நினைவைக் கொஞ்சம் தாங்கும், நோயை நிறுத்தாது. படிவைக் கரைக்கும் லெகனெமாப் 18 மாத ஆய்வில் சரிவை 27 வீதம் மெதுவாக்கியது, ஆனால் ஆரம்பக் கட்டத்தினருக்கு மட்டும், மூளை வீக்கத்தையும் கசிவையும் எம்.ஆர்.ஐ.யில் கண்காணித்தபடி. அதோடு, நினைவு தெளிவாக உள்ள முதியவர் பலரிடமும் படிவு இருக்கிறது. அறிகுறி இல்லாதவரைச் சும்மா சோதிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அம்மாவுக்கு மூன்றில் ஒன்றும் செய்யவில்லை. முடிவு எதுவாக வந்தாலும் அவரைப் பார்க்கும் விதம் மாறாது. சின்னம்மாவுக்குக் கையெழுத்துப் போடும் தெளிவு இன்னும் இருக்கிறது. காணி, வங்கிப் புத்தகம், யாரோடு இருப்பது என்பதையெல்லாம் அவரே சொல்லக்கூடிய காலம் இது. கிரியேற்றினின் சற்றுக் கூடியிருக்கிறது, ஆகவே அவருக்கு நான் நாரி ஊசியைத்தான் சொன்னேன். “நீ பக்கத்தில நிண்டா சரி” என்றார்.