கம்பனித் தலைவரா, கச்சேரியில் வளர்ந்தவரா?

2024 செப்டெம்பரில் மாகாணங்களுக்குப் புதிய ஆளுநர்கள் நியமிக்கப்பட்டபோது, மேல் மாகாணத்துக்கு எக்ஸ்போலங்கா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹனீப் யூசுப் வந்தார். வடக்கிற்கு முன்னாள் யாழ்ப்பாண அரசாங்க அதிபர் (கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் தலைவர்) நா. வேதநாயகன் வந்தார். அந்த இருவரையும் எடைபோடுவதற்காக இதை எழுதவில்லை. ஒரே பதவிக்கு ஒரே மாதத்தில் இரண்டு விதமான ஆட்கள் வந்தது, யாழ்ப்பாணத்தில் அடிக்கடி அடிபடும் ஒரு கேள்வியை முன்னுக்குக் கொண்டுவருகிறது. கந்தோர்கள் திருந்த வேண்டுமென்றால் தனியார் துறையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து இருத்த வேணும் என்று சொல்பவர்கள் இங்கே குறைவில்லை. வடமாகாண சபையின் ஆயுட்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பிறகு, ஆளுநரும் செயலாளர்களும் திணைக்களத் தலைவர்களும்தான் மாகாணத்தை நடத்தி வருகிறார்கள். அதனால் கதிரையில் யார் இருக்கிறார் என்பதற்குக் கனம் கூடிவிட்டது.

என் தெரிவு, பிரதேச செயலகத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்த நிர்வாக சேவைக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கம்பனிக்காரரின் பலங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. திகதி போட்டு வேலை வாங்குவார், கூட்டங்களைச் சுருக்குவார், கணினி முறைகளைத் துணிந்து புகுத்துவார், செலவைத் துருவிப் பார்ப்பார். நிர்வாக சேவைக்காரரின் பலவீனங்களும் அப்படியே தெரிந்தவை. சுற்றுநிருபத்தில் இல்லை என்று கைவிரிப்பார், கணக்காய்வு வினாவுக்குப் பயப்படுவார், இரண்டு மூன்று வருடத்தில் இடமாற்றம் வந்துவிடும் என்ற நினைப்பிலேயே வேலை செய்வார். இந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் கம்பனிக்காரரைத்தான் தெரிவு செய்வார். நான் மற்றப் பக்கம் நிற்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: கையொப்ப அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதைத் தலைவர் என்ன செய்கிறார் என்பது.

அரசாங்கப் பணம் செலவாகும் வழியை நிதிப் பிரமாணங்கள் 135 முதல் 139 வரை வகுத்திருக்கின்றன. செலவுக்கு அதிகாரமளிப்பது, அதை அங்கீகரிப்பது, வேலை நடந்தது என்று அத்தாட்சிப்படுத்துவது, பணத்தைக் கொடுப்பது என்று நாலு படி. ஒரு கை மற்றக் கையைப் பார்க்க வேண்டும் என்பதால் நாலும் ஒரே ஆளிடம் போகக்கூடாது. எந்தத் தொகை வரை யார் கையொப்பமிடலாம் என்பதைத் தலைவர் எழுத்தில் கையளித்து வைப்பார். பிரதேச செயலாளருக்கு இவ்வளவு, கணக்காளருக்கு இவ்வளவு, உதவிப் பணிப்பாளருக்கு இவ்வளவு என்று இருக்கும் அந்தக் கடிதம்தான் ஒரு கந்தோரின் உண்மையான அதிகார வரைபடம். சுவரில் தொங்கும் பதவிநிலைப் படம் வெறும் பெயர்ப்பட்டியல்.

வெளியிலிருந்து வருபவரின் கண்ணுக்கு நாலு கையொப்பமும் தாமதமாகத் தெரியும். குறைக்கப் பார்ப்பார், பிரமாணம் விடாது. அடுத்ததாக, எல்லாவற்றையும் தானே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பார். கையளித்த எல்லைகளைக் குறைப்பார், அல்லது வாய்மொழியாக “எனக்குக் காட்டாமல் எதுவும் போகக்கூடாது” என்பார். நாலு படி ஐந்தாகிறது. அந்த ஐந்தாவது படிக்குப் பிரமாணத்தில் இடமும் இல்லை, கால எல்லையும் இல்லை.

இது யாழ்ப்பாணத்தில் எப்படி வலிக்கும் என்பதற்குக் குளம் தூர்வாரும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்க்கும். குளத்துக்குள் இயந்திரம் இறங்க வேண்டுமென்றால் அடி காய்ந்திருக்க வேண்டும். யூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் முடியும் வரைதான் அதற்கு அவகாசம். நிதி ஒதுக்கீடு வருட ஆரம்பத்தில் வருகிறது. மதிப்பீடு, அதன் அங்கீகாரம், கேள்வி (ரெண்டர்) ஆவணம், கேள்வி அறிவித்தல், தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை, பெறுகைக் குழுவின் தீர்மானம், ஒப்பந்தம் என்று வேலை தொடங்குமுன் கோப்பு ஏழு இடத்தில் நின்று போகும். ஒவ்வொரு இடத்திலும் தலைவரின் மேசைக்குப் போய்வர ஆறு வேலைநாள் கூடினால் மொத்தம் 42 வேலைநாள், அதாவது இரண்டு மாதம். யூலையில் இறங்க வேண்டிய இயந்திரம் செப்டெம்பரில் இறங்கும். பாதி மண் அள்ளும்போது மழை பிடிக்கும். ஒப்பந்தகாரர் கால நீடிப்புக் கேட்பார், அதற்கும் ஒரு கோப்பு போகும். டிசெம்பர் 31 உடன் செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகும். மிச்ச வேலைக்கான கட்டணப் பட்டியல் அடுத்த வருடப் பணத்தைத் தின்னும். கிணறுகளுக்கு நீரூறக் கொடுக்கும் குளம் இன்னொரு வருடம் தூர்ந்தபடி கிடக்கும். இதில் யாரும் களவெடுக்கவில்லை, யாரும் சோம்பி இருக்கவுமில்லை. ஒவ்வொரு கோப்பையும் அக்கறையாகப் பார்த்த ஒரு தலைவரால் வந்த இழப்பு இது.

களத்தில் வளர்ந்தவர் இதை வேறு மாதிரிக் கையாளுவார். மழைக்கு முன் முடிய வேண்டிய கோப்பு எது, பொறுக்கக்கூடியது எது என்று அவருக்குத் தெரியும். முன்னைய தலைவரின் கையளிப்புக் கடிதத்தை எடுத்து, எல்லைகளைச் சரிபார்த்துத் தன் பெயரில் புதுப்பித்துவிட்டுத்தான் மற்ற வேலைக்குப் போவார். ஒரு காலத்தில் தானே பிரதேச செயலாளராக இருந்து, மேலிடத்துக் கையொப்பத்துக்காகக் காத்துக் கிடந்தவர் அவர்.

கம்பனிக்காரர் இறுக்கிப் பிடிப்பதைச் சுபாவம் என்று விட்டுவிடுவது அவருக்கும் நியாயமில்லை. கம்பனியில் அவரிடம் பல கடிவாளங்கள் இருந்தன. சரிவராதவரை நிறுத்தலாம், நல்லவருக்குச் சம்பளம் கூட்டலாம், ஒரு பிரிவின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றலாம், சில விடயங்களை வெளியே சொல்லாமல் வைத்திருக்கலாம். அரச கதிரையில் இவை ஒன்றும் இல்லை. நியமனமும் ஒழுக்காற்று நடவடிக்கையும் பொதுச்சேவை ஆணைக்குழுவின் கையில். பணத்தை ஒரு செலவின விடயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நிதிப் பிரமாணம் 66 இன் வழியேதான் போக வேண்டும். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் இழப்புக்கு அதிகாரியின் பையிலிருந்தே அறவிட இடம் கொடுக்கிறது. 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி குடிமக்கள் யாரும் விண்ணப்பம் போடலாம், 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பழகிய கடிவாளங்கள் எல்லாம் போய்விட்ட பிறகு கையில் மிஞ்சுவது கோப்பு ஒன்றுதான். அதை மேசையில் வைத்திருப்பதே அதிகாரமாகிவிடுகிறது.

கீழே இருப்பவர்கள் இதற்கு விரைவாகப் பழகிக்கொள்வார்கள். முன்பு “அங்கீகரிக்கலாம், விதந்துரைக்கிறேன்” என்று குறிப்புத்தாளில் எழுதிய உத்தியோகத்தர், இப்போது “தங்கள் மேலான கட்டளைக்குச் சமர்ப்பிக்கப்படுகிறது” என்று மட்டும் எழுதுவார். அந்த ஒரு வரியில் பொறுப்பு மேலே போய்விடும். ஐம்பது பேர் முடிவெடுத்த கந்தோரில் ஒருவர் மட்டும் முடிவெடுப்பார், அந்த ஒருவருக்கு நேரம் இருக்காது. தலைவர் இரண்டு வருடத்தில் போய்விடுவார். அந்த வரி எழுதும் பழக்கம் போகாது. அடுத்து வருபவர் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்கமாட்டார்கள். இப்படியான தலைவரால் வரும் இழப்புகளில் என் கணக்கில் இதுதான் மிகப் பெரியது.

தலைவர் கந்தோரிலிருந்து ஒதுங்கி இருப்பதும் இதோடு சேர்ந்தே வரும். வடக்கில் கோப்பு தமிழில் நடக்கிறது, கம்பனிச் சபையறை ஆங்கிலத்தில் நடக்கிறது. ஒரு பக்க ஆங்கிலக் குறிப்பு வேண்டும் என்று தலைவர் கேட்டால், அதை நன்றாக எழுதத் தெரிந்த இரண்டு மூன்று பேர் அவருக்கும் கந்தோருக்கும் நடுவில் வந்து நிற்பார்கள். 15 பிரதேச செயலகமும் 435 கிராம அலுவலர் பிரிவும் உள்ள மாவட்டம் இது. ஒரு குடியேற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் உவராகிவிட்டது என்பது முதலில் கிராம அலுவலருக்குத்தான் தெரியும். அந்தச் செய்தி அந்த மூன்று பேரின் நல்லெண்ணத்தைக் கடந்துதான் மேலே வர வேண்டியிருக்கும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குத் தலைவர் பிரதிநிதியை அனுப்பத் தொடங்கினால் அதுவும் கெட்ட அறிகுறி. அங்கே பாராளுமன்ற உறுப்பினர்கள் சத்தம் போடுவார்கள், நேரம் வீணாகும், எல்லாம் உண்மை. ஆனாலும் கந்தோருக்குள் மறைக்கப்பட்டது அந்தச் சத்தத்தில்தான் வெளியே வரும்.

உலக அளவில் இதற்குத் தெளிவான சோடி அமெரிக்க வெளியுறவுத் திணைக்களத்தில் இருக்கிறது. எக்ஸொன்மொபில் எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரெக்ஸ் ரில்லர்சன் 2017 பெப்ரவரியில் அங்கே போனார். சிறு வட்டத்தோடு இயங்கினார், உயர் பதவிகள் பல மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தன, மறுசீரமைப்பை வெளி ஆலோசகர்களை வைத்துத் திட்டமிட்டார். ஆட்சேர்ப்பை நிறுத்திவைத்ததில் தூதரகங்களில் இராஜதந்திரிகளின் துணைவர்கள் பார்த்த வேலைகளும் அகப்பட்டன. விசாப் பிரிவிலும் தபால் அறையிலும் இருக்கும் சின்ன வேலைகள்தான், ஆனால் தூதரகம் அவற்றில் தங்கியிருந்தது. மேலே இருந்து பார்த்தவருக்கு அது ஆளணி எண்ணிக்கை. 2018 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார், பின்னால் வந்தவர் மே மாதத்தில் அந்தத் தடையை எடுத்தார்.

அதே கதிரைக்கு 1982 இல் பெக்ரெல் கட்டுமான நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜோர்ஜ் ஷுல்ஸ் வந்தார். அவரும் கம்பனியிலிருந்து வந்தவர்தான். ஆனால் நிக்சன் காலத்தில் தொழில் திணைக்களம், வரவுசெலவுத் திட்ட அலுவலகம், திறைசேரி மூன்றையும் நடத்தியிருந்தார். தொழில்முறை இராஜதந்திரிகளை நம்பி வேலையைக் கொடுத்து 1989 வரை இருந்தார். இராஜதந்திரிகளைப் பயிற்றும் நிலையத்துக்கு இன்று அவருடைய பெயர்தான். கம்பனி அனுபவம் இருவரிடமும் இருந்தது, அரச அனுபவம் ஒருவரிடம்தான் இருந்தது.

போர்ட் மோட்டார் நிறுவனத்திலிருந்து 1961 இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போன ரொபேர்ட் மக்நமாரா வேறொரு பாடம். வரவுசெலவுத் திட்டமிடலில் அவர் செய்த சீர்திருத்தம் பெரியது. ஆனால் வியட்நாமில் எதிரியின் பிண எண்ணிக்கை வெற்றியின் அளவுகோலானதும், களத்திலிருந்து மேலிடம் கேட்ட எண்ணே வரத் தொடங்கியது. இங்கே மாதாந்த முன்னேற்ற அறிக்கையில் “பௌதிக முன்னேற்றம்” என்ற நிரலை நிரப்பும் எவருக்கும் அந்த அழுத்தம் புரியும்.

நான் தெரிவு செய்த நிர்வாக சேவைக்காரரிடமும் இந்த ஒதுங்கி இருக்கும் நோய் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரியே எட்டி நின்று ஆள்வதற்காகக் கட்டப்பட்டதுதான். வாசலில் ஆளை நிற்கவைத்து, கதவை மூடிக்கொண்டு, ஓய்வூதியம் வரை ஆபத்தில்லாமல் போகப் பார்க்கும் நிர்வாக சேவைக்காரர்களும் இருக்கிறார்கள். அப்படியான ஒருவரை விட, கேட்டுப் பழகும் குணமுள்ள கம்பனிக்காரர் மேல். வியாபாரமாக இயங்கும் அரச நிறுவனங்கள், வங்கி, மின்சாரம், துறைமுகம் போன்றவற்றில் என் தீர்ப்பு இவ்வளவு உறுதியாக இல்லை. அங்கே வருமானமும் வாடிக்கையாளரும் உண்டு, கம்பனிப் பழக்கம் ஓரளவு பொருந்தும்.

குறித்த ஒரு பணிக்காகப் புதிதாகத் தொடங்கும் அமைப்பிலும் கம்பனிக்காரர் சரிவரலாம். இன்போசிஸ் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவுநர்களில் ஒருவரான நந்தன் நிலேகணி 2009 இல் இந்தியாவில் ஆதார் அடையாள எண் வழங்கும் ஆணையத்துக்குத் தலைவரானார். அவருக்குப் பக்கத்தில் பணிப்பாளர் நாயகமாக ஐ.ஏ.எஸ். அதிகாரி ஆர். எஸ். சர்மா இருந்தார். டெல்லி அமைச்சுகளோடும் மாநிலங்களோடும் கோப்பு எப்படி நகரும் என்று தெரிந்த ஒருவர் இரண்டாம் இடத்தில் இருந்தது, முதலாமவரின் வேகம் வீணாகாமல் காத்தது.

ஆகவே கம்பனியிலிருந்து ஒருவர் வருவது முடிவாகிவிட்டால், அந்த இரண்டாம் இடத்துக்குத்தான் நான் முதலில் போராடுவேன். மாவட்டத்தில் வேலை செய்த மூத்த நிர்வாக சேவைக்காரர் ஒருவர் மேலதிகச் செயலாளராக இருக்க வேண்டும், அவரை மாற்றுவது தலைவரின் விருப்பத்தில் இருக்கக்கூடாது. கையளிப்புக் கடிதம் முதல் வாரத்திலேயே பழைய எல்லைகளுக்குக் குறையாமல் புதுப்பிக்கப்பட வேண்டும். தலைவர் தானே பார்க்க விரும்பும் கோப்புக்குத் தொகை எல்லை ஒன்றை எழுத்தில் வைத்து, மூன்று வேலைநாளில் திரும்பாவிட்டால் கணக்காளர் அதைப் பதிவேட்டில் குறித்து நினைவூட்டும் முறை இருக்க வேண்டும். மாதம் ஒரு பிரதேச செயலகத்தில், உதவியாளர்கள் இல்லாமல், கிராம அலுவலர்களோடு தமிழில் ஒரு மணித்தியாலம். மொழி தெரியாதவரானால் மொழிபெயர்ப்பாளரைப் பிரதேச செயலாளர் தரட்டும், தலைவரின் அலுவலகம் தரவேண்டாம். ஏப்ரல் முடிவில் தூர்வாரல், வடிகால், வீதி வேலைகளின் கோப்புகள் எந்த மேசையில் நிற்கின்றன என்று ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தால் போதும். அதில் பாதி தலைவரின் மேசையில் நின்றால், அந்த வருட வேலைகளைக் காப்பாற்ற மே மாதம் மட்டும்தான் மிச்சம்.