மெண்டலா, மெக்ளின்டாக்கா?

மரபியலுக்குள் நுழையும் ஒருவர் யாருடைய வாழ்க்கையை முதலில் படிக்கலாம், கிரிகோர் மெண்டலா, பார்பரா மெக்ளின்டாக்கா? இருவருமே செடிகளோடு மல்லுக்கட்டியவர்கள்தான். மெண்டல் இன்றைய செக் நாட்டிலுள்ள பிர்னோ நகர மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை பட்டாணி வளர்த்து, பூப்பூவாகத் தன் கையாலேயே மகரந்தம் சேர்த்து, உருண்டை விதை எத்தனை, சுருங்கியது எத்தனை என்று எண்ணிக்கொண்டே இருந்தார். இரண்டாம் தலைமுறையில் மூன்று உருண்டைக்கு ஒரு சுருங்கியது என்று அதில் கிடைத்த 3:1 விகிதம் யாருக்கும் சட்டென்று புரியும்.

மெக்ளின்டாக் கொஞ்சம் கடினம். மக்காச்சோள மணிகளில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருப்பதைக் கவனித்து, நுண்ணோக்கியில் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களையும் பார்த்து, சில மரபணுக்கூறுகள் ஒரே இடத்தில் நிற்பதில்லை, இடம்விட்டு இடம் தாவுகின்றன என்று 1940களில் கண்டுபிடித்தார். 1951இல் அதை விளக்கிப் பேசியபோது கேட்டவர்களில் பலருக்குப் பிடிபடவில்லை. அப்புறமும் அவர் வேலையை விடவில்லை. 1983இல், 81 வயதில், நோபல் பரிசு யாரோடும் பங்கில்லாமல் அவருக்கு மட்டுமே வந்தது. மெண்டலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1884இல் இறந்துவிட்டார், பட்டாணி பற்றிய அவர் கட்டுரையை உலகம் திரும்பிப் பார்த்தது 1900இல்தான். நினைத்தாலே மனசு கனக்கிறது.

சரி, பாடம் புரிய மெண்டல் போதும். ஆனால் ஆராய்ச்சி என்றால் என்ன என்று தெரிய வேண்டுமென்றால் நான் மெக்ளின்டாக்கைத்தான் கையில் எடுப்பேன். முளைவிட்ட நாள் முதல் ஒவ்வொரு செடியையும் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகியவர் அவர்.