கண்டல் காட்டில் பறவை காட்டுகிறோம் என்று 38,500 ரூபா வாங்கினார்கள்: காசு போடுமுன் இதை வாசியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்த விஷயம். இன்று வியாழன். நாலு நாளாகியும் கோபம் ஆறவில்லை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்து நிற்பவர்களும், கொழும்பிலிருந்து லீவுக்கு வருபவர்களும் கட்டாயம் வாசியுங்கள். எங்களிடமிருந்து போனது 38,500 ரூபா. எப்படி ஏமாந்தோம், இனி மற்றவர்கள் எப்படித் தப்பலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா குடும்பம் ஏழு வருசத்துக்குப் பிறகு டொரொண்டோவிலிருந்து வந்திருந்தது. அக்காவின் மகளுக்கு 12 வயது. பறவை என்றால் அவளுக்கு உயிர். ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கிறாள். பார்த்த பறவை, இடம், நேரம் எல்லாம் அதில் எழுதுவாள், பக்கத்தில் பென்சிலால் கீறியும் வைப்பாள். வந்த மறுநாள் பண்ணைப் பாலத்தால் போகும்போது வானை நிறுத்தச் சொன்னாள். மண்டைதீவுப் பக்கம் தூரத்துத் தண்ணீரில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. "மாமா, அது ஃபிளமிங்கோவா?" என்று கேட்டாள். பூநாரைதான். மாரி மழை முடிந்து மாசியில் கடல்நீரேரி வற்றி, முழங்காலளவுத் தண்ணீராகும்போது இப்படிக் கூட்டமாக வந்து மேயும்.

கிட்ட நின்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பாவுக்கு அவளை உவர்நீர்ச் சேற்றில் நிற்கும் கண்டல் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ஆசை. அப்பா ஊர்காவற்றுறையில் பிறந்து வளர்ந்தவர். இப்போது 79 வயது, முழங்கால் ஏலாது. ஆனாலும் "பிள்ளைக்கு நானே காட்டுறன்" என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் இனி எத்தனை தரம் போட்டில் ஏறப் போகிறார் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது.

அப்போதுதான் எல்லோரும் போனில் பார்க்கும் ஒரு சமூக வலைத்தளத்தில் அந்தச் சுற்றுலாப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை. போட்டால் இன்னொரு பெயரில் நாளைக்கே திறப்பார்கள். "ஆற்றுப் படகுச் சவாரி, கண்டல் காடு, பறவைகள், வனவிலங்குகள்" என்று விளம்பரம். ஆறு என்ற சொல்லிலேயே நான் நின்றிருக்க வேண்டும். குடாநாட்டில் எங்கே ஆறு? வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும். தொண்டைமானாறு பெயரில்தான் ஆறு, உண்மையில் அது உவர்நீர் ஏரி. இங்கேயே பிறந்து வளர்ந்த நான் அந்த வரியை வாசித்துவிட்டுக் கடந்து போனேன்.

படமும் அப்படித்தான். கண்டல் மரங்களுக்கு முன்னால் இரத்தச் சிவப்பில் பூநாரைகள். எங்கள் ஊருக்கு வருவது பெரும் பூநாரை. உடம்பு வெள்ளை, மெல்லிய ரோஸ் சாயல், செட்டையை விரித்தால் மட்டும்தான் சிவப்பும் கறுப்பும் தெரியும். உடம்பெல்லாம் சிவந்து கிடப்பது கரீபியன் பக்கத்து இனம், இலங்கையில் இல்லை. ஞாயிறு பின்னேரம் மருமகள், அக்காவின் மகள்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். யாரோ எங்கேயோ எடுத்த படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள்.

சரி, ஏன் நம்பினேன்? வெள்ளிக்கிழமை இரவு மெசேஜ் போட்டேன். ஐந்து நிமிசத்தில் ஒரு பெடியன் கோல் எடுத்தான். நல்ல மரியாதையான குரல். அப்பாவின் முழங்காலைப் பற்றிச் சொன்னதும், "அண்ணை, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. ஐயாவுக்குக் கதிரை போட்டு இருத்துவம். என்ர அம்மப்பாவையும் இப்பிடித்தான் ஏத்தி இறக்கிறனான்" என்றான். எஞ்சின் சத்தத்துக்குப் பறவை கலையாதா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. "கண்டலுக்குக் கிட்டப் போனோண்ண எஞ்சினை நிப்பாட்டிப்போடுவம் அண்ணை. பிறகு கம்பால தாங்கித்தான் போறது. பறவையள் குழம்பக்கூடாது எல்லோ?"

அந்த ஒரு வசனத்தில் விழுந்தேன். பறவையை நேசிக்கிறவன் பேசும் பேச்சு என்று நினைத்தேன்.

ஆறு பேர், ஆளுக்கு 5,500. அதற்கு மேல் "காட்டு அனுமதிக் கட்டணம்" என்று 5,500. மொத்தம் 38,500 ரூபா. முழுக் காசையும் முதலே போட்டால்தான் போட் பிடிக்கலாம் என்றான். காலை 5.30க்குப் புறப்பாடு, மூன்று மணித்தியாலம், பறவை தெரிந்த வழிகாட்டி, இரண்டு பைனாகுலர், எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட், தேத்தண்ணி, வடை. சனிக்கிழமை காலை அவன் தந்த தனியாள் கணக்குக்குப் போனிலேயே 38,500 போட்டேன். பற்றுச்சீட்டு கேட்டேன். "போட்டுக்கு வரேக்க தாறன் அண்ணை."

ஞாயிறு விடிய நாலரைக்கு எழும்பி, தீவகப் பக்கம் அவன் சொன்ன இறங்குதுறையில் 5.20க்கு நின்றோம். ஒருவரும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. கிழக்கு வெளுத்து, கொக்குகள் கூட்டமாக எங்கள் தலைக்கு மேலால் போய், வெயிலும் ஏறிவிட்டது. பறவை பார்க்கும் ஆளுக்கு அந்த ஒன்றரை மணித்தியாலம்தான் முழு நாளும். அது கரையில் நின்றே போனது. அப்பா ஒரு சீமெந்துக் கட்டில் குந்திக்கொண்டிருந்தார். 8.10க்குப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். "போட்காரர் வலையெடுக்கப் போட்டார் அண்ணை."

போட் வரும்போது 8.40. மீன்பிடி போட், அடியில் மீன் செதிளும் கிடந்தது. கதிரை இல்லை. அத்தானும் நானும் அப்பாவைத் தூக்கித்தான் ஏற்றினோம். லைஃப் ஜாக்கெட் மூன்று, ஒன்றில் கொளுக்கி உடைந்திருந்தது. பைனாகுலர் ஒன்று. அதன் கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்து, பார்த்தால் மூடுபனி போலிருந்தது. வழிகாட்டி யார் என்று கேட்டால் அவன்தானாம்.

நல்லதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது கடல்நீரேரி தந்தது, அவன் தரவில்லை. முதல் கொஞ்ச நேரம் கண்டல் ஓரமாகப் போனோம். சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள் நின்றன. அவற்றுக்கிடையில் பெருவிரல் நகமளவு நண்டுகள், ஒற்றைக் கொடுக்கு மட்டும் உடம்பளவு பெருத்தவை, அதை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தன. "மாமா, எங்களைக் கூப்பிடுது" என்று மருமகள் சிரித்தாள். மீன் பிடிக்க நட்ட சிறகுவலைக் கம்பு ஒன்றில் கறுப்பு வெள்ளை மீன்கொத்தி இருந்தது. அப்பா கையை நீட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார்: நீர்க்காகம், செம்பருந்து, சிவந்த அலகோடு பெரிய ஆலா, கொப்புக்குள் பகல் நித்திரையில் இருந்த வக்கா. அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பூநாரை எங்கேயிருந்து வருகிறது என்று அவள் பெடியனைக் கேட்டாள். "அவுஸ்திரேலியாவில இருந்து" என்றான். இந்தியாவில் கட்ச் உப்புச் சதுப்பில்தான் அவை பெருந்தொகையாகக் கூடு வைக்கின்றன என்பதை அவளே அவனுக்குச் சொல்ல வேண்டி வந்தது.

எஞ்சின் ஒரு நிமிசமும் நிற்கவில்லை. நிப்பாட்டச் சொன்னேன். "நேரமில்லை அண்ணை, பத்து மணிக்கு அடுத்த ஆக்கள்."

அதன்பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. திறந்த வெளித் தண்ணீரில் இருநூறு முந்நூறு பூநாரைகள் இருக்கும், தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டு நின்றன. தூரத்திலேயே நிற்கலாம் என்றோம். பெடியன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "விடுங்கோ அண்ணை, கிட்ட விடுங்கோ, எழும்பட்டும், வீடியோ வடிவா வரும்" என்று போட்காரருக்குக் கத்தினான். அந்த மனிசன் வயதானவர், "தம்பி, அடி தட்டும்" என்று தயங்கினார். இவன் விடவில்லை. போட் நேரே கூட்டத்துக்குள் போனது.

பூநாரை நின்ற இடத்திலிருந்து சட்டென்று எழும்பாது. தண்ணீரில் ஓடி ஓடித்தான் மேலே போக வேண்டும். அத்தனை கால்களும் தண்ணீரில் சப் சப்பென்று அடித்த சத்தம் எஞ்சினையும் மீறிக் கேட்டது. சாம்பல் நிறக் குஞ்சுப் பருவத்துப் பறவை ஒன்று பின்தங்கி, கால் இழுபட, எங்கள் போட்டுக்குப் பத்தடி முன்னால் தடுமாறியது. நான் கத்தினேன். அக்காவும் கத்தினார். எஞ்சின் சேற்றில் தட்டி நின்றபிறகுதான் போட் நின்றது. பறவைகள் எல்லாம் வேலணைப் பக்கமாகப் போய்விட்டன. மருமகள் கொப்பியை மூடி மடியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அப்பா அவனைப் பார்த்து, "நீ கடலோட பிறந்தவனா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

சேற்றிலிருந்து தள்ளி எடுத்துக் கரைக்கு வர 9.30. மூன்று மணித்தியாலம் என்றது ஐம்பது நிமிசம். தேத்தண்ணியும் இல்லை, வடையும் இல்லை. "அனுமதிக் கட்டண" ரிக்கற் எங்கே என்றால், "ஒஃபிஸில இருக்கு" என்றான். அப்பாவை இறக்கும்போது போட்காரரிடம் எவ்வளவு தந்தான் என்று மெதுவாகக் கேட்டேன். 6,000 ரூபாவாம். எங்களிடம் 38,500, அவருக்கு 6,000. எண்ணெய்க் காசும் அதற்குள்தான். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

அன்று மத்தியானம் அரைவாசியாவது திருப்பித் தாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "நாளைக்குக் கதைக்கிறன் அண்ணை." திங்கட்கிழமை: "போட்காரர் பிந்தினதுக்கு நான் என்ன செய்யிறது?" அப்புறம்: "பறவை நிக்கிறதும் பறக்கிறதும் எங்கட கையில இல்லை." பின்னேரம் ஒரு பிள்ளை கோல் எடுத்து, புக்கிங் நம்பர் கேட்டது. அப்படி ஒன்று தரவே இல்லையே என்றேன். நம்பர் இல்லாமல் பார்க்க ஏலாதாம். செவ்வாய்க்கிழமை, அடுத்த முறை வந்தால் 10 வீதம் கழிவு தருவதாக ஒரு மெசேஜ். அக்கா ஆக்கள் புதன்கிழமை பிளேன் ஏற இருந்தார்கள், எந்த அடுத்த முறை? அவர்களுடைய பக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். அரை மணித்தியாலத்தில் அழித்துவிட்டு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். அக்காவின் போனிலிருந்து எடுத்தபோதும், என் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டான். 38,500 ரூபா. ஒரு துண்டுகூட என் கையில் இல்லை.

எப்படித் தப்புவது என்று விரிவாக எழுதுவதாக இருந்தேன், இப்போது கை ஓடவில்லை. இவ்வளவையாவது பிடித்துக்கொள்ளுங்கள். முழுக் காசையும் முதலே போடாதீர்கள், அதுவும் தனியாள் கணக்குக்கு. பற்றுச்சீட்டு வராமல் போட்டில் கால் வைக்காதீர்கள். ஏறுமுன் லைஃப் ஜாக்கெட்டை எண்ணுங்கள். அனுமதிக் கட்டணம் என்றால் எந்தக் காட்டுக்கு, எந்தத் திணைக்களத்தின் ரிக்கற் என்று கேளுங்கள். சுண்டிக்குளம் 2015 இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே அனுமதி என்றால் விளங்கும். நாங்கள் போனது மீனவர்கள் தினமும் வலை போடும் இடம். துண்டு ஏதாவது கையில் இருந்தால் நுகர்வோர் அதிகார சபைக்கு 1977இல் முறையிடுங்கள். பறவையைத் துரத்தினால் வனவிலங்குத் திணைக்களத்துக்கு 1992. பூநாரையை மட்டும் பார்க்க வேண்டுமென்றால், மாசி பங்குனியில் விடிய ஆறு மணிக்குப் பண்ணைப் பாலத்தில் நில்லுங்கள், ஒரு சதமும் தேவையில்லை.

இதை எழுதும்போது தம்பி ஒருவர் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் நேற்று இரவு புது விளம்பரம், அதே சிவப்புப் பூநாரைப் படம், வருகிற ஞாயிறு காலை 5.30. கூடவே ஒரு வீடியோவும் போட்டிருக்கிறான், பூநாரைகள் எழும்பிப் பறக்கிற வீடியோ. ஓரத்தில் அப்பாவின் வெள்ளைத் தொப்பி தெரிகிறது. இந்த ஞாயிறுக்கு யாராவது காசு போட்டிருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.