மூன்று சீசன் ஸ்பான்சர் செய்தேன், ஊர் பெயர் மட்டும் வரவில்லை

போன வாரம் கோலா சிலாங்கூரில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு தங்கை புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "அக்கா, டிவி நிகழ்ச்சிக்கு ஸ்பான்சர் பண்ணச் சொல்லி ஆள் வந்திருக்காங்க. இந்த வருஷம் பாதி விலையாம். நீங்க மூணு வருஷம் போட்டீங்களே, நான் போடலாமா வேணாமா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் மாவு மில் நடத்துகிறேன். அம்மா தொடங்கியது. கறித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், தீபாவளி நெருங்கினால் முறுக்கு மாவு. மில்லுக்கு முருகன் பெயர். கோயில் வாசலில் தொடங்கிய தொழில் என்பதால் அம்மா அப்படி வைத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பிரச்சினையாகப் போகிறது.

ஸ்பான்சர் பேக்கேஜில் என்னென்ன இருக்கும் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். அரை மணி நேரச் சமையல் நிகழ்ச்சி, 13 வாரம். தொடக்கத்திலும் முடிவிலும் "இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவோர்" என்று ஒரு பலகை வரும், அதில் நம் பெயரும் சின்னமும் ஐந்து விநாடி. நடுவில் ஒரு கேள்வி, சரியான பதில் அனுப்பியவர்களில் இரண்டு பேருக்கு நம் மசாலாப் பொட்டலம். முதல் இரண்டு சீசனுக்கும் தலா 3,900 வெள்ளி (ரிங்கிட்), மூன்றாவதற்கு 4,200. ஆக மொத்தம் 12,000 வெள்ளி, பரிசுப் பொட்டலம் தனி.

கட்டணம் கட்டிப் பார்க்கும் அலைவரிசைக்குப் போகாமல் பொதுத் தொலைக்காட்சிக்குப் போனதற்குக் காரணம் இருக்கிறது. என் வாடிக்கையாளரில் பாதிப் பேர் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டிலிருந்து வந்தவர்கள். மாதாமாதம் பணம் கட்டி டிவி பார்க்கிறவர்கள் இல்லை. 2019-இல் அனலாக் ஒளிபரப்பை நிறுத்தியபோது பலர் வீட்டில் சில வாரம் திரை வெறுமையாக இருந்தது. அப்புறம் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் பெட்டி வாங்கி வைத்தார்கள், படம் முன்பைவிடத் தெளிவாகவே வந்தது. எங்கள் அம்மா அந்தப் பெட்டியை ஒரு சாமி படம் மாதிரி துடைத்து வைப்பார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பலகை வந்தபோது அம்மா எழுந்து நின்றார். பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையின் (எண்ணெய்ப்பனை) உதிரிப்பழம் பொறுக்கியவர். இந்த நாட்டில் செம்பனையை வியாபாரத்துக்காக முதன்முதலில் நட்டது அந்தத் தோட்டத்தில்தான், 1917-இல். நட்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். தோட்டத்தின் பெயர் மட்டும் நம் ஆட்கள் வாயிலிருந்து வந்தது, இன்றும் அப்படியே நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் குனிந்து வேலை செய்தவருடைய கடை நாடு முழுக்கத் தெரிந்தது. அந்த ஐந்து விநாடிக்கு 3,900 வெள்ளி அதிகம் என்று நான் எப்போதும் சொல்ல மாட்டேன்.

அப்புறம் போன் வரத் தொடங்கியது. நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மூன்று சீசனிலும் சேர்த்து 61 பேர் டிவியில் பார்த்ததாகச் சொல்லி வந்தார்கள் அல்லது கூப்பிட்டார்கள். அதில் 38 பேர் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, வேலை போய், பூச்சோங், ரவாங், கிள்ளான் என்று பிரிந்து போனவர்கள். அவர்கள் கறித்தூள் கேட்பதற்கு முன் கேட்டது ஒரே கேள்வி.

"இது எந்த ஊர் மில்லும்மா?"

என் எரிச்சல் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. முருகன் பெயரில் மாவு மில்லும் மளிகைக்கடையும் நாட்டில் எத்தனையோ. பலகையில் பெயரும் மயில் படமும் மட்டும் வந்தால் அது பத்தாங் பெர்ஜுந்தை மில் என்று யாருக்குத் தெரியும்? ஆம், ஊரின் பெயர் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. ஆனால் தோட்டத்தை விட்டுப் போனவர்கள் பழைய பெயரைத்தான் கொண்டுபோனார்கள். அந்தப் பெயரைத் திரையில் பார்த்திருந்தால் அவர்கள் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் விட்டவர்கள் எத்தனை பேர் என்பதும் என் நோட்டில் இல்லை.

முதல் சீசன் நடுவில் கிள்ளானிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அவர் கடைக்கும் இதே பெயர். "அக்கா, உங்களைத் தேடுறவங்க எனக்குப் போன் பண்றாங்க. நம்பர் கொடுங்க, அனுப்பி விடுறேன்." நல்ல மனிதர், ஒன்பது பேரை எனக்கு அனுப்பி வைத்தார். நான் கட்டிய காசுக்கு முகம் தெரியாத ஒருவர் வேலை செய்ய வேண்டியிருந்தது.

நிகழ்ச்சியைத் தயாரித்த நிறுவனத்திடம் கேட்டேன். பெயர் சொல்லப் போவதில்லை. அலைவரிசையின் மேல் எனக்குக் குறை இல்லை, பலகையை வடிவமைத்துக் கொடுப்பது தயாரிப்பாளர்கள்தான். அங்கிருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "நாடு முழுக்கப் பார்க்கிற நிகழ்ச்சி அக்கா. சின்ன ஊர் பெயர் போட்டா உங்க பிராண்டு சின்னதாத் தெரியும்." இரண்டாவது சீசனில் போடுவதாகச் சொன்னார்கள். 'சிலாங்கூர்' என்று வந்தது. மூன்றாவது சீசனில் ஆறு ஸ்பான்சர்களை ஒரே பலகையில் அடுக்கினார்கள். எழுத்தே பொடிப்பொடியாகிவிட்டது, ஊருக்கு ஏது இடம்.

அந்தத் தம்பி சொன்னதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. நம் கோயில்களைப் பாருங்கள். ஒரு குழல்விளக்கு வாங்கிக் கொடுத்தால்கூட அதன் மேல் 'உபயம்' என்று எழுதி, பெயர் எழுதி, கீழே தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதுவார்கள். வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு எழுதுவார்கள். கொடுத்தவர் யார் என்பதில் பாதி, எங்கிருந்து வந்து கொடுத்தார் என்பது. ஊர் போட்டால் கொடுத்தவர் சின்னவராகிவிடுவாரா? நம் சனங்கள் உபயத்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

கல்லூரியில் வணிகம் படிக்கும் என் மகள் இதற்காகத் தேடிப் படித்துவிட்டு ஒரு விஷயம் சொன்னாள். அமெரிக்காவில் பொதுத் தொலைக்காட்சியில் ஸ்பான்சருக்கு நம்மைவிடக் கட்டுப்பாடு அதிகம். விலை சொல்லக் கூடாது. "வாங்க, வாங்குங்க" என்று அழைக்கக் கூடாது. மற்றவர்களைவிட நாங்கள் சிறந்தவர்கள் என்று சொல்லக் கூடாது. ஆனால் கடை எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். 1984-இல் அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் விதியைத் தளர்த்தியபோது முகவரியை அனுமதித்த பட்டியலில் வைத்தது. அங்கே பொது நிலையங்கள் 300-க்கு மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வட்டாரத்துக்குரியது. பக்கத்துத் தெரு ரொட்டிக்கடைக்காரர் தன் ஊர் மக்கள் பார்க்கிற நிலையத்துக்கு ஆதரவு கொடுக்கிறார், ஊரும் அதைப் பார்க்கிறது.

நம் நாட்டில் வானொலிக்காவது மாநில நிலையங்கள் உண்டு. தமிழ் நிகழ்ச்சி ஒன்று டிவியில் ஓடினால் பெர்லிசிலிருந்து சபா வரை ஒரே நேரத்தில் ஓடுகிறது. அதனால் நம்மைப் போன்ற சிறு கடைக்கு ஊர் பெயர் கூடுதலாகத்தான் வேண்டும், குறைவாக அல்ல. இதை அந்தத் தம்பிக்குப் புரிய வைக்க என்னால் முடியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மூன்றாவது சீசன், ஏழாவது வாரம். கேள்விக்குச் சரியான பதில் அனுப்பியவர்களின் பெயரைத் தொகுப்பாளர் வாசித்தார். வெற்றி பெற்றவர்களுக்கு மட்டும் ஊர் பெயரோடு வாசிப்பார்கள். இரண்டாவதாக வந்தது எங்கள் ஊர் அக்கா ஒருவர். தொகுப்பாளர் தெளிவாக, ஒரு எழுத்து தவறாமல், "பத்தாங் பெர்ஜுந்தை" என்று படித்தார். அந்த அக்கா பழைய பெயரையே எழுதி அனுப்பியிருக்கிறார். அன்று இரவு மட்டும் எனக்கு ஏழு போன். ஒருவர் ஜொகூரிலிருந்து. "எங்க ஊர் பேரு சொன்னாங்களே, அங்கதான் முருகன் கோயில் பக்கத்துல ஒரு மாவு மில் இருந்துச்சு, பலகையில வந்தது அதானா?" அதேதான் என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. மூன்று வருடம் நான் கேட்டுக் கிடைக்காததை ஒரு பொட்டலம் மசாலா ஜெயித்தவர் வாங்கிக் கொடுத்தார்.

ஆக, போட முடியாது என்பதல்ல. போட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

காசுக் கணக்கு கேட்டால், முகநூலில் 200 வெள்ளிக்குப் போடும் விளம்பரம் இதைவிட அதிகம் ஆள் கொண்டுவருகிறது, ஊர் பெயரோடு. ஆனால் அதைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை. மூன்று சீசனும் எனக்குப் பெருமைதான். தமிழ் நிகழ்ச்சி ஒன்று நிற்க நம் காசும் ஒரு கால் என்பதில் இன்றும் சந்தோஷம். நிகழ்ச்சியின் தரத்திலும் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனாலும் இந்த ஆண்டு 2,100 வெள்ளிக்கு இறக்கிக் கேட்டும் நான் கையெழுத்துப் போடவில்லை. விலை இறங்கியது, பலகை அப்படியேதான் இருக்கிறது. ஒரு சீசனில் ஒருமுறைகூட ஊர் பெயர் இல்லாமல் இனி என் கடை பெயர் வர வேண்டாம்.

தங்கச்சி, உனக்கும் அதையேதான் சொல்வேன், இப்போதைக்குப் போடாதே. உன் பூக்கடை பெயரும் எல்லா ஊரிலும் இருக்கிற பெயர். அந்த ஆள் மறுபடி வந்தால் பேக்கேஜ் தாளை வாங்காதே, பலகையின் மாதிரியைக் காட்டச் சொல். அதில் கோலா சிலாங்கூர் என்று படிக்கிற அளவு எழுத்தில் இருக்கிறதா என்று உன் அம்மாவைப் பார்க்கச் சொல், உன் கண்ணை நம்பாதே. ஒப்பந்தத்திலும் அதை எழுதி வாங்கு. அப்படி எழுதிக் கொடுத்தார்கள் என்றால் அன்றைக்கே எனக்கு ஒரு போன் போடு, நானும் வருகிறேன்.