உப்புத் தண்ணீரும் அவரைப் பந்தலும்: தர்மபுரி மாடித் தோட்டத்தில் பல பருவங்கள்

தர்மபுரி நகரில், தளம் போட்ட சாதாரண வீடொன்றின் மாடியில் 2019-ஆம் ஆண்டு ஆடிப் பட்டத்தில் தொடங்கிய எங்கள் காய்கறித் தோட்டம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. மாடித் தோட்டம் குறித்து எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை முதல் அறுவடையோடு நின்றுவிடுகின்றன. மூன்றாவது கோடையில் பைகள் என்ன ஆகின்றன, மண்கலவை எவ்வளவு இறங்குகிறது, பறித்த காய்களில் எவை உண்மையில் அடுப்புக்குப் போகின்றன என்பவற்றைப் பல பருவங்கள் கழிந்த பிறகே சொல்ல முடியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊரில் மாடித் தோட்டத்தால் காய்கறிச் செலவு பெரிதாகக் குறையாது. சந்தையில் நல்ல நிலையில் கிடைக்காத சில காய்களும் கீரைகளும் கிடைக்கும். அவற்றுக்காகத் தாராளமாக வைக்கலாம்.

தக்காளியை எடுத்துக்கொள்வோம். பாலக்கோடும் இராயக்கோட்டையும் பக்கத்திலேயே இருக்க, வரத்து மிகும் மாதங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயிகள் தக்காளியைக் கொட்டும் பகுதியில் வாழ்ந்துகொண்டு, பையில் தக்காளி வளர்ப்பதற்குப் பொருளாதார நியாயம் எதுவும் இல்லை. 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது மட்டும் எங்கள் செடிகளுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது. மாசி கழிந்து பகல் வெப்பம் 35 டிகிரியைக் கடந்து, இரவும் தணியாமல் போனால் மகரந்தம் வலுவிழந்து பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. தப்பிப் பிடிக்கும் காய்களிலும், தண்ணீர் ஒரு நாள் மிகுந்தும் ஒரு நாள் குறைந்தும் போனால், அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது. ஐப்பசியில் நட்டு மாசிக்குள் முடித்துக்கொள்ளும் இரண்டு மூன்று செடிகளே ரசத்துக்கும் துவையலுக்கும் போதும் என்று இப்போது நிறுத்திக்கொண்டோம்.

இந்த மாவட்டத்தில் தோட்டம் வைப்பவருக்கு மண்ணைவிடத் தண்ணீரே பெரிய கேள்வி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதியாக இருப்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தக் காவிரி நீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே. செடிக்கு அதை ஊற்றினால் வீட்டிலேயே சண்டை வரும். ஆகவே தோட்டம் முழுக்க ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கிறது. அந்த நீரில் கரைந்திருக்கும் உப்பு, முதல் ஆண்டில் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டாம் கோடையில் பைகளின் வெளிப்புறத்தில் வெண்மையாகப் பூத்தது. பீன்ஸ் இலைகளின் ஓரம் கருகியது. முள்ளங்கி கிழங்கு பிடிக்காமல் இலையாகவே நின்றது. கத்தரியும் வெண்டையும் ஓரளவு தாங்கின. பீன்ஸுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துவராது என்பதில் எனக்கு இனி ஐயமில்லை.

சொட்டுநீர்க் குழாய்களும் இந்த உப்பினால்தான் தோற்றன. மணிக்கு 4 லிட்டர் சொட்ட வேண்டிய சொட்டுவான்கள், சில மாதங்களிலேயே சுண்ணாம்புப் படிவால் அடைத்துக்கொண்டன. கழற்றி வினிகரில் ஊறவைத்தால் திறக்கின்றன, மறுபடி அடைக்கின்றன. ஒரு பை காய்ந்தும் பக்கத்துப் பை ஊறியும் கிடப்பதைக் காணும்போது, இந்த வசதிக்குச் செலவிட்ட பணத்தைப் பற்றி எவருக்கும் கோபம் வரும். நல்ல தண்ணீர் உள்ள வீடுகளில் இது சிறப்பாகவே வேலை செய்யக்கூடும். இங்கு வாளியும் சொம்பும் நம்பகமானவை. கையால் ஊற்றும்போது இலையடியில் பூச்சி இருப்பதும் கண்ணில் படுகிறது.

உப்பைக் குறைக்க மழைநீரே உருப்படியான வழி. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். நூறு சதுர அடித் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 90 லிட்டர் சேரும். கார் நிறுத்தும் கூரையிலிருந்து ஒரு குழாயை இறக்கி டிரம்மில் விட்டால் போதும். மழை கிடைத்த வாரத்தில் ஒவ்வொரு பைக்கும் அடித்துளை வழியே நீர் வழிந்தோடும்வரை நிறைய ஊற்றிவிட்டால், சேர்ந்திருந்த உப்பும் அதனோடு வெளியேறுகிறது. கோடையில் அரிசி கழுவிய நீரும் காய்கறி அலசிய நீரும் கீரைப் பைகளுக்குப் போகின்றன.

பைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். முதலில் வாங்கிய மெல்லிய பைகள் இரண்டாவது கோடைக்குப் பிறகு, தொட்டால் பொடியாக உதிர்ந்தன. வெயிலைத் தாங்கும் என்று விற்றவர் சொன்னது நூல் தையலுக்குப் பொருந்தவில்லை. தடித்த நெகிழியில் நெய்த, அகலமும் உயரமும் 15 அங்குலம் உள்ள பைகள் நான்கு கோடைகளைக் கடந்தும் நிற்கின்றன. பன்னிரண்டு அங்குலப் பை கீரைக்கும் மிளகாய்க்கும் சரி, கத்தரிக்குச் சிறிது. எதுவாயினும் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் ஈரம் நின்று தளத்து ஓட்டில் பாசி பிடிக்கும், வேரும் இடுக்கில் இறங்கும். ஈரமான பை நல்ல கனம் கனக்கும் என்பதால், நடுத்தளத்தை விட்டுச் சுவரோரமாக வரிசைப்படுத்துவதே பாதுகாப்பு.

கலவைக்குச் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் நீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். அதிலேயே உப்பு இருக்கும், இங்கே இன்னும் உப்பு தேவையில்லை. நார்க்கழிவு மட்கி ஆண்டுக்கு ஒரு கையளவு இறங்கிவிடுவதால், ஆனியில் எல்லாப் பைகளையும் கொட்டிக் காயவைத்து, தொழுவுரம் கலந்து மீண்டும் நிரப்புகிறோம். இந்த வேலை பிடிக்காதவர்களுக்கு மாடித் தோட்டம் இரண்டாம் ஆண்டே சலித்துவிடும்.

இத்தனை பாட்டையும் நியாயப்படுத்துவது அவரை. ராகிக் கொல்லையில் ஊடுபயிராக அவரையைப் பார்த்தே வளர்ந்த பகுதி இது. நாட்டு அவரைக் கொடி பகல் பொழுது குறையும்போதுதான் பூக்கும். சித்திரையில் விதைத்தால் மாதக்கணக்கில் இலையை மட்டுமே காட்டிக்கொண்டிருக்கும். ஆடியில் ஊன்றினால் கார்த்திகை முதல் பூவெடுத்து, மார்கழி, தை இரண்டு மாதமும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மாடிச் சுவரில் கம்பி இழுத்துப் பந்தல் போட்டபோது, "பையில வெச்ச கொடி பந்தல் ஏறுமா? நெலத்துல வெச்சாதாம்மா அவரை" என்று மாமியார் சிரித்தார். ஏறியது, ஆனால் பெரிய டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்த பிறகே. பனிக்காலத்தில் கொழுந்திலும் பூங்கொத்திலும் அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி அப்பிக்கொள்ளும். எறும்பு வரிசையாக ஏறினால் அசுவினி வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கரைய வேண்டிய அளவுக்குச் சோப்பும் கலந்து மாலையில் அடிப்பதோடு, மோசமான நுனிகளைக் கிள்ளி எறிந்துவிடுவதே எங்கள் வைத்தியம்.

பிஞ்சைப் பொரியலுக்குப் பறித்தது போக, முற்றவிட்ட காய்களின் கொட்டைதான் தை மாதத்துச் சமையலின் சிறப்பு. உரித்த பச்சைக் கொட்டைகளை மூழ்கும் அளவு நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால், காலையில் தோல் தளர்ந்து உப்பியிருக்கும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். தோல் விரலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு படிக் கொட்டைக்கு வீட்டில் உள்ள எல்லோரும் உட்கார வேண்டும். இந்தப் பிதுக்குப் பருப்பை, சின்ன வெங்காயமும் தக்காளியும் வதங்கிய பிறகு சேர்த்து, தேங்காய், மல்லி, மிளகாய், இஞ்சி, பூண்டு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு அரைத்து ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். தோல் போய்விட்டதால் விரைவில் வெந்துவிடும். கவனம் தப்பினால் கரைந்து கூழாகும். சூடான களிக்கு நடுவே குழி செய்து இந்தக் குழம்பை ஊற்றித் தின்பவர்கள், கடையில் விற்கும் காய்ந்த மொச்சையை அதற்கு இணையாகச் சொல்ல மாட்டார்கள்.

சமையலிலும் தண்ணீர் குறுக்கிடுகிறது. கடினத்தன்மை மிகுந்த ஆழ்துளை நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தசையை இறுக்கிவிடுவதால், துவரம்பருப்பு எத்தனை விசில் வைத்தாலும் விறைத்தே கிடக்கும். ஒகேனக்கல் நீர் வராத நாளில் எங்கள் வீட்டில் சாம்பார் கிடையாது, கீரைக் கடைசல்தான்.

கீரைகளில் அரைக்கீரைக்கே முதலிடம் தருவேன். விதைத்து ஒரு மாதத்துக்குள் முதல் அறுவை. அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்த்துப் பல முறை கொடுக்கிறது. சிறுகீரையை வேரோடு பிடுங்கிவிடுவதால் பைக்கு ஒரே அறுவடைதான். உலை கொதிக்கும்போது மாடிக்குப் போய் அறுத்து வந்து, பூண்டு, சீரகம், பச்சை மிளகாயோடு மூடாமல் வேகவைத்து, மண்சட்டியில் மத்தால் கடைந்தால் பச்சை நிறம் மாறாது. சந்தைக் கீரையில் வாடிய இலையைக் களைவதற்கே பாதி நேரம் போகும்; இதில் அந்த வேலை இல்லை. பங்குனிக்குப் பிறகு மட்டும் பாதி நிழல் தரும் பச்சை வலையின் கீழ் வைக்க வேண்டும்.

கத்தரி பரவாயில்லை, காய்ப்புழுவுக்குப் பங்கு கொடுத்தது போக எண்ணெய்க் கத்தரிக்காய்க்குத் தேறும். சுண்டையை ஒரு டிரம்மில் வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் காய்க்கிறது. கோடையில் உப்பு மோரில் ஊறவைத்து வற்றல் போட்டுக்கொள்கிறோம். காலிஃபிளவரும் கேரட்டும் ஓசூர்ப் பக்கத்துக் குளிருக்கே உரியவை. தர்மபுரி மாடியில் அவற்றுக்கு இடம் ஒதுக்குவது வீண்.

விதையைப் பொறுத்தவரை, அவரைக்குக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டோம். பந்தலிலேயே காயவிட்ட நெற்றுகளை உடைத்து, கொட்டைகளைக் குழைத்த செம்மண்ணில் புரட்டி வெயிலில் உலர்த்திப் பானையில் போட்டு வைத்தால் வண்டு எளிதில் துளைப்பதில்லை. வரும் ஆடியில் இன்னொரு டிரம்மை அறுத்து, பீன்ஸ் இருந்த கிழக்குச் சுவரிலும் அவரையையே ஏற்றப் போகிறோம்.