ஸ்விஃப்ட்டுக்கு 165/80 ஆர்14: நல்ல டயர்தான், ஆனா திரும்ப இதயே வாங்கமாட்டேன்

டயருக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 ஆனதுல இருந்து எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேரு டயர் மாத்துற யோசனையில இருக்காங்க. "நீ என்ன போட்ட, எப்பிடி இருக்கு"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. என் ஃப்ரெண்டு ஒருத்தன் என்கிட்ட இருக்குற அதே ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வச்சிருக்கான், அவனும் கேட்டான். அதே சமயத்துல எனக்கும் ஒரு டயர் வீங்கிப் போயி ரெண்டு புதுசு வாங்க வேண்டியதாப் போச்சு. அதனால எல்லாத்தயும் ஒரே எடத்துல எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

வண்டி 2018 மாடல், கோயமுத்தூர்லதான் ஓடுது, மாசத்துல ஒருக்கா ஊட்டியோ கோத்தகிரியோ ஏறும். கம்பெனி சைஸ் 165/80 ஆர்14. வண்டியோட வந்த டயர் தேஞ்சு காடிக்குள்ள இருக்குற அந்தக் குட்டி மேடு டிரெட்டுக்கு சமமா வந்ததும் நாலயும் ஒண்ணா மாத்திட்டேன். அதே சைஸு, கம்பெனி மட்டும் வேற. நாப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிருச்சு. டயர் கம்பெனி பேரு இங்க வேண்டாம், நான் சொல்ல வந்ததுல முக்கால்வாசி சைஸப் பத்திதான், அது எந்தக் கம்பெனிக்கும் பொருந்தும்.

அன்னிக்கு கடையில நடந்தத மொதல்ல சொல்லணும், ஏன்னா உங்களுக்கும் இதேதான் நடக்கும். 165/80 கேட்டா இல்ல. "சார், 175/65 ஆர்14 இருக்கு, ஆஃபர்ல போகுது, ரிம்மும் பதினாலு டயரும் பதினாலு, கச்சிதமா உக்காந்துக்கும், அகலமும் கொஞ்சம் சேத்திக் கெடைக்குது"ன்னாரு. பொய்யும் சொல்லல அவரு. அந்த ரிம்முல அது உக்காரத்தான் செய்யும். ஆனா உக்காருறது வேற, வண்டிக்குப் பொருந்துறது வேறங்க.

கணக்கப் பாருங்க. 165ங்கறது டயரோட அகலம், மி.மீ.ல. 80ங்கறது மி.மீ. கெடையாது, அகலத்துல எத்தன சதவீதம்ங்கறது. 165ல 80 சதவீதம் 132 மி.மீ., அதான் சைடுவால், அதாவது ரிம்முக்கு மேல நிக்கற ரப்பர் செவுரோட உயரம். மேல ஒண்ணு கீழ ஒண்ணு சேத்தா 264, நடுவுல 14 இஞ்ச் ரிம்மு 355.6, ஆக மொத்த டயர் உயரம் 619.6 மி.மீ. அவரு குடுத்த 175/65ல சைடுவால் 113.75 தான், மொத்த உயரம் 583.1. முப்பத்தாறு மி.மீ.க்கு மேல கம்மி! அதுல பாதி, அதாவது 18 மி.மீ., வண்டி அப்பிடியே தரையப் பாத்து எறங்கிரும். ஸ்விஃப்ட்டோட கிரவுண்ட் கிளியரன்ஸே 163 மி.மீ. தான், அதுலயும் 18 போச்சுன்னா நாலு பேரு ஒக்காந்து நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கறத நெனச்சுப் பாருங்க.

இதோட முடியல. டயர் சின்னதா இருந்தா அதே தூரத்துக்கு அதிக தடவ சுத்தும், மீட்டருக்கு அது தெரியாது. ஸ்பீடோமீட்டர் ஏற்கனவே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், இது அதுக்கு மேல இன்னொரு ஆறு சதவீதம் கூட்டும். ஓடோமீட்டரும் அதே மாதிரி கூட ஓடும். "175 போட்டேன், மைலேஜ் ஏறிருச்சு"ன்னு சில பேரு சந்தோஷமா சொல்றாங்க பாருங்க, பெட்ரோல் அதேதான், ஓடாத கிலோமீட்டர மீட்டர் கணக்குல சேத்துக்குது, அவ்ளோதான். சர்வீஸும் சீக்கிரம் வந்துரும், ஏன்னா அதயும் அந்த மீட்டர வச்சுத்தான பாக்கறோம்.

எனக்குக் கோவம் வந்தது இதுக்கெல்லாம் இல்ல, லோடு இண்டெக்ஸுக்கு. சைஸுக்குப் பக்கத்துல, நம்ம 165/80ல 85டி, அவரு குடுத்த 175/65ல 82டின்னு இருக்கும். 85ன்னா ஒரு டயர் 515 கிலோ தாங்கும், 82ன்னா 475 கிலோ. டயருக்கு நாப்பது கிலோ, நாலு டயருக்கு நூத்தி அறுபது கிலோ கொறையுது. ஃபேமிலியோட லக்கேஜும் ஏத்திக்கிட்டு மே மாச வெயில்ல பைபாஸ்ல போறவங்களுக்கு இத ஒரு வார்த்த கூட சொல்லாம எப்பிடிங்க மாட்டி விடறாங்க? கடக்காரர் வேல தெரிஞ்ச மனுஷன்தான். பேலன்ஸிங்ல ஈயக்கட்டிய அஞ்சு கிராம் கூட விடாம பாத்துப் போட்டாரு, டயரோட வால்வும் புதுசு போடணும்னு அவரேதான் சொன்னாரு, எத்தனயோ கடைல அதச் செய்யறதே இல்ல. அப்பிடிப்பட்டவரே ஸ்டாக்ல இருக்குற சைஸத் தள்ளி விடப் பாத்தாருங்கறதுதான் மனசுக்கு ஆகல.

சரி, 165/80 கெடைக்கவே இல்லன்னா வேற எது போடலாம்னு ஃப்ரெண்டு கேட்டான். 185/70 ஆர்14 போடலாம். மொத்த உயரம் 614.6, அஞ்சு மி.மீ.தான் வித்தியாசம், லோடு இண்டெக்ஸும் பெரும்பாலும் 88, நம்ம அஞ்சு இஞ்ச் அகல ரிம்முலயும் உக்காரும். நெறய ஸ்விஃப்ட்டுல இது ஓடுது. கம்பெனியே இசட்எக்ஸ்ஐ மாடலுக்கு 185/65 ஆர்15 குடுக்குதுல்ல, அதக் கணக்குப் போட்டா 621.5 வரும். ரிம்ம ஒரு இஞ்ச் பெருசாக்கி, அகலத்த 20 மி.மீ. கூட்டியும், உயரத்த ரெண்டே மி.மீ.க்குள்ள நிறுத்தியிருக்காங்க. வண்டி செஞ்சவங்க எதப் புடிச்சுக்கிட்டு இருக்காங்கன்னு இதுலயே தெரியுது, உயரத்தத்தான்.

நான் 185க்குப் போகல. வீட்டுல எல்லாருமே ஓட்டற வண்டி, ஸ்டியரிங் லேசா இருக்கணும், மைலேஜும் எறங்கக் கூடாது. அதுக்காக ரெண்டு வாரம் காத்திருந்து 165/80யே வரவெச்சுப் போட்டேன்.

இனி ஓட்டுன அனுபவம். நான் எதிர்பாக்காதது மழதான். அகலமான டயர்தான் மழைல புடிக்கும்னு எல்லாரும் அடிச்சு சொல்லுவாங்க, ஆனா தண்ணி நிக்கற ரோட்டுல கத அப்பிடியே மாறும். டயர் தன் முன்னாடி இருக்குற தண்ணிய ஒதுக்கித் தள்ளிட்டுதான் ரோட்டத் தொடணும். அகலம் கூடக்கூட ஒதுக்க வேண்டிய தண்ணியும் கூடும், தள்ள முடியலன்னா டயர் தண்ணி மேல மெதக்க ஆரம்பிச்சுரும், அப்ப ஸ்டியரிங்கத் திருப்புனாலும் வண்டி கேக்காது. 165 ஒல்லியா இருக்கறதால கத்தியாட்டம் கிழிச்சுட்டுப் போகுது. ஐப்பசி மழைல அவிநாசி தாண்டி ராத்திரி வரும்போது எதிர் லாரி அடிச்ச தண்ணில கண்ணாடி பூரா மறஞ்சு, ரோட்டோரம் தேங்குன தண்ணில எடது பக்க சக்கரம் ரெண்டும் எறங்கிருச்சு. ஸ்டியரிங் லேசா ஒரு இழு இழுத்துச்சு, அவ்ளோதான், வண்டி கோடு மாறல. அன்னிக்கு இந்த டயர் மேல எனக்கு வந்த மரியாத இன்னும் கொறையல.

கொற இல்லாம இல்ல. 132 மி.மீ. சைடுவால்னா உயரமான ரப்பர் செவுருங்க, கோத்தகிரி கொண்ட ஊசி வளைவுல வேகமாத் திருப்புனா மொதல்ல ரப்பர் மடங்கி அப்புறம்தான் வண்டி திரும்பும். பொள்ளாச்சி தாண்டி உடுமல ரோட்டுல ஆடி மாசக் காத்து பக்கவாட்டுல அடிக்கறப்பவும் லேசா ஆட்டம் தெரியும். டிரைவர் கதவத் தொறந்தா பில்லர்ல இருக்குற ஸ்டிக்கர்ல போட்ட காத்து அளவ, காலைல டயர் சூடாகறதுக்கு முன்னாடி புடிச்சுட்டா இதுல பாதி சரியாயிரும். அதே செவுருதான் குண்டுங்குழில நம்ம இடுப்பக் காப்பாத்துது, அதனால நான் இதக் கொறையா எடுத்துக்கல.

"ஆல் சீசன்"னு சொல்லி எக்ஸ்ட்ரா காசு கேட்டா மட்டும் யோசிங்க. பனி விழற ஊர்லதான் அந்தப் பிரிவுக்கு அர்த்தம். அங்க ஏழு டிகிரிக்குக் கீழ போனா சாதா கோடக்கால டயரோட ரப்பர் வெறச்சுப் போகும்னு தனி டயர் போடுவாங்க. நம்ம ஊருக் கடைல விக்கறது எல்லாமே வெயிலயும் மழையயும் மனசுல வெச்சு செஞ்சதுதான். ஊட்டில ஜனவரில உறைபனி விழுந்தாக்கூட அந்த நேரத்துல மெதுவாப் போனாப் போதும். சைடுவால்ல எம் பிளஸ் எஸ் (சேறு, பனிக்கான குறி) முத்தர இருந்தா இருக்கட்டும், அதுக்குன்னு காசு குடுக்காதீங்க. ஐஎஸ்ஐ முத்தர இருக்கான்னு பாருங்க, அது கட்டாயம்.

இப்ப வயித்தெரிச்சலுக்கு வர்றேன். எங்க ஏரியால பைப்புக்குத் தோண்டி சரியா மூடாத ஒரு பள்ளத்துல முன்னாடி எடது சக்கரம் டம்முனு எறங்குச்சு. பெரிய வேகமெல்லாம் இல்ல, செகண்டு கியர்தான். ரிம்முக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த நாள் காலைல துணியால தொடைக்கறப்ப சைடுவால்ல கைக்கு ஒரு புடைப்பு தட்டுப்பட்டுச்சு. நெல்லிக்கா அளவுக்கு, வழவழன்னு, அமுக்குனா லேசா உள்ள போயி வெளிய வருது. ரப்பருக்குள்ள இருக்குற நூலு அறுந்து காத்து வெளிய தள்ளுற எடம் அது. பஞ்சர் மாதிரி இத ஒட்டவெல்லாம் முடியாது, "ஒண்ணும் ஆகாதுங்ணா, ஓட்டுங்க"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஹைவேல வெடிச்சா நம்ம உசுரு மட்டும் போறதில்ல.

வாரண்டி காலம் இருந்துச்சு. கொண்டு போனேன். ஒருத்தர் வந்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "இம்பாக்ட் டேமேஜ், கவர் ஆகாது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டாரு. நியாயமாப் பாத்தா அவரு சொன்னது சரிதான். அடிபட்டுத்தான் வீங்குச்சு, எந்தக் கம்பெனி டயரா இருந்தாலும் அந்தப் பள்ளத்துல இது நடந்திருக்கலாம், வாரண்டி காயிதத்துலயும் அப்பிடித்தான் போட்டிருக்கு. ஆனா பில்லக் கூட முழுசாப் பாக்காம, அடுத்து என்ன பண்ணலாம்னு ஒரு யோசன கூட சொல்லாம அனுப்புனதுதான் இன்னும் உறுத்துது.

சரி அதே டயர் ஒண்ணு வாங்கிக்கலாம்னா அந்த டிசைன் இப்ப இந்த சைஸ்ல வர்றதில்லயாம். ஒரு கடைல தேடி ஒண்ணு எடுத்துட்டு வந்தாங்க, திருப்பி, செஞ்ச தேதியச் சொல்ற அந்த நாலு நம்பரப் பாத்தா 3123. அதாவது 2023ல 31வது வாரம் செஞ்சது. ரெண்டு வருஷத்துக்கு மேல குடோன்ல கெடந்த டயருக்குப் புது டயர் வெல. வேண்டாம்னுட்டேன். ஒரே ஆக்சில்ல ரெண்டு விதமான டயர் ஓடக் கூடாதுன்னு வேற கம்பெனில ரெண்டு வாங்கிட்டேன், சைஸ் மட்டும் அதே 165/80. கழட்டுன ஜோடில நல்லா இருந்தது இப்ப ஸ்டெப்னி.

மாட்டறப்ப இன்னொரு வாக்குவாதம். "ஃபிரண்ட் வீல் டிரைவ் வண்டி, புதுசு முன்னாடிதான் போடணும்"னு மெக்கானிக் தம்பி ஒரே புடி. பின்னாடி இருந்த பழைய ரெண்டயும் முன்னாடிக்கு மாத்திட்டு, புதுசப் பின்னாடி போடச் சொன்னேன். முன் டயர் வழுக்குனா வண்டி நேராப் போகும், ஆக்சிலேட்டர விட்டா திரும்பக் கைக்கு வந்துரும். பின் டயர் வழுக்குனா வண்டி அப்பிடியே சுத்திரும், பழகுன டிரைவருக்கே புடிக்கறது கஷ்டம். டயர் கம்பெனிங்க பொதுவா சொல்றதும் இதான், ரெண்டு மட்டும் புதுசுன்னா பின்னாடி. தம்பி மொகம் சுளிச்சாலும் போட்டுக் குடுத்துட்டான், அலைன்மெண்டும் பண்ணியாச்சு.

அதனால ஃப்ரெண்டுக்கு நான் சொன்னது இதான். சைஸ் 165/80 ஆர்14, 85க்குக் கொறையாத லோடு இண்டெக்ஸு, செஞ்சு ஆறு மாசத்துக்குள்ள இருக்கணும். இதுல எறங்கி வராத, கடைய மாத்து. நான் ஓட்டுன டயர் மழைக்கும் தேய்மானத்துக்கும் காசுக்கும் நூத்துக்கு எம்பதுக்கு மேல குடுப்பேன், முன்னாடி இருக்குற ரெண்டும் இப்பவும் நல்லாத்தான் ஓடுது. அந்தக் கம்பெனி டயர அவன் தாராளமா வாங்கலாம். நான் வாங்கமாட்டேன், அந்தப் புடைப்பக் கைல தொட்டதுக்கு அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துலயும் மனசு அங்கயே போயிருது, அந்த ஒரு வரிப் பதிலும் மறக்க மாட்டேங்குது. கோயமுத்தூர் பக்கம் புதுத் தேதில 165/80 ஸ்டாக் வெச்சிருக்குற கட தெரிஞ்சா சொல்லுங்க, அவனுக்கு நாலு வேணும், எனக்கு முன்னாடிக்கு ரெண்டு சீக்கிரமே வேண்டி வரும்.