தினமும் போட எது: ஆம்பூர் தோலா, பி.யு. செருப்பா, க்ராக்ஸா?

செருப்பு வாங்கப் போனால் இப்போது பலரும் கேட்பது இரண்டு கேள்விதான். கடிக்குமா? சைனாவா? முதலாவதுக்குப் பதில் கடைக்குள்ளேயே நாலு நடை நடந்தால் தெரிந்துவிடும். இரண்டாவதில்தான் குழப்பம், ஏனென்றால் கம்பெனியின் நாடு வேறு, செருப்பு செய்த நாடு வேறு. ஓட்டை ஓட்டையாக, மெத்தென்று இருக்குமே, அந்த க்ராக்ஸ் 2002-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஆரம்பித்த கம்பெனி, பெரும்பாலும் வியட்நாமிலும் சீனாவிலும் செய்து வாங்கினார்கள், இப்போது நம் பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சிப்காட்டிலும் அது தயாராகிறது. செய்யாறில் தைவான்காரர்களின் தொழிற்சாலை ஒன்று பல வருடங்களாக நைக்கிக்கு ஷூ செய்துகொண்டிருக்கிறது. இதில் எது உள்ளூர், எது வெளியூர்?

நான் பார்ப்பது வேறு. ஷூ செய்யும்போது உள்ளே கால் வடிவத்தில் ஒரு அச்சை வைத்து அதன்மேல் தோலை இழுத்து ஒட்டுவார்கள், லாஸ்ட் என்பார்கள். அது எந்த நாட்டுக் காலுக்கான அச்சு? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஏற்றுமதிக்குப் போகும் ஷூவுக்கு இதை முடிவு செய்பவர் ஆர்டர் கொடுத்த ஐரோப்பியக் கம்பெனிக்காரர். நமக்கோ விரல் பக்கம் அகலம் அதிகம். இது சும்மா சொல்வதில்லை, அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதத்தை ஸ்கேன் செய்து பார்த்துச் சொன்னது, இந்தியர்களுக்கென்று 'பா' என்ற பெயரில் தனி அளவுமுறையையும் பரிந்துரைத்தது. அது கடைக்கு வரும்வரை நமக்கு பிரிட்டிஷ் எண்தான், அந்த எண்ணோ நீளத்தை மட்டும்தான் சொல்லும்.

அதனால் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆம்பூர் பக்கம் இறங்கி ஏற்றுமதி உபரி ஷூ வாங்குகிறவர்கள் கவனம். தோல் அருமையாக இருக்கும், தையல் சுத்தமாக இருக்கும், விலையும் படியும், ஆனால் சுண்டுவிரல் முட்டு உள்ளே நெரிந்தால் எடுக்காதீர்கள். கடைக்காரர் "ரெண்டு வாரம் போட்டா விட்டுக்கொடுக்கும் சார்" என்பார். அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது உண்மை, நீளத்தில் ஒரு நாளும் கொடுக்காது. பெருவிரல் நுனி முன்பக்கம் இடிக்கிறதென்றால் அது இடித்துக்கொண்டேதான் இருக்கும். அகலக் கால்காரர்களுக்கு ஆம்பூரில் நான் சொல்வது ஷூ இல்லை, பக்கிள் வைத்த தோல் சேண்டல். வாரைத் தளர்த்திக்கொள்ளலாம், வெயிலில் வியர்வையைத் தோல் வாங்கிக்கொள்ளும், பிளாஸ்டிக் மாதிரி வழுக்காது, அடி தேய்ந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து புது சோல் ஒட்டிக்கொள்ளலாம். வாருக்கு உள்பக்கம் வெட்டிய ஓரத்தை ஒருமுறை பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். துணிமேல் பளபளவென்று ஒரு படலம் தெரிந்தால் அது ரெக்சின் வகை, சீக்கிரம் உரியும். மழையில் நனைந்தால் நிழலில்தான் காயப்போட வேண்டும், வெயிலில் போட்டால் விறைத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் தோல் செருப்பைப் பரணில் போட்டுவிடுவது நல்லது.

பி.யு. செருப்பு, அதாவது பாலியூரித்தேன் என்ற லேசான நுரைப் பிளாஸ்டிக்கில் அடிப்பாகம் செய்த செருப்பு, அதன் கதை வேறு. தமிழ்நாட்டில் பஸ்ஸில் ஏறுகிற பத்துப் பேரை எடுத்தால் நிறையப் பேர் காலில் இதுதான், வி.கே.சி., வாக்கரூ, பாராகான் என்று பெரும்பாலும் கேரளத்திலிருந்து வந்த பெயர்கள். இது நம் காலைப் பார்த்து, நம் கடைக்கென்றே செய்வது, முன்பக்கம் தாராளமாக இருக்கும், எடையே தெரியாது. சில நூறு ரூபாயில் நாள் முழுக்க நிற்கிற வேலைக்குத் தாங்கும். சொல்லப்போனால், சொகுசு, அளவு, விலை மூன்றையும் சேர்த்து வைத்தால் என் ஓட்டு இதற்குத்தான், காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான் குறை. இல்லை, இன்னொரு குறையும் உண்டு. நல்ல செருப்பு, கல்யாணத்துக்குப் போடலாம் என்று டப்பாவிலேயே இரண்டு மூன்று வருடம் வைத்திருந்து எடுத்தால் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிரும். நிறையப் பேர் போலிச் சரக்கு என்று கடையில் போய்ச் சண்டை போடுவார்கள். போலி இல்லை, பி.யு.வுக்குக் காற்றிலிருக்கும் ஈரம் ஆகாது, மெல்ல மெல்ல உள்ளுக்குள் அறுந்துகொண்டே வரும், கடலோர ஊர் என்றால் இன்னும் வேகமாக. டப்பாவில் தயாரித்த மாதமும் வருடமும் போட்டிருக்கும், தள்ளுபடியில் வாங்கும்போது அதை முதலில் பாருங்கள். வாங்கியதை உடனே போடுங்கள், சேர்த்து வைக்காதீர்கள்.

க்ராக்ஸுக்கு வருவோம். அழகா என்று கேட்காதீர்கள். ஆனால் விரல்களுக்கு இவ்வளவு இடம் விடுகிற வேறு எதுவும் இந்த வரிசையில் இல்லை, நனைந்தாலும் உதறிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், மழைக்காலத்துக்கு இதற்கு ஈடில்லை. அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதில் இருப்பது அமெரிக்க எண், ஆண்களுக்கு எம்9 என்றால் நம் கடையில் 8. எட்டுதானே என்று எம்8 வாங்கினால் ஒரு அளவு சின்னது வந்து நிற்கும். மாடலைப் பொறுத்து அகலமும் மாறும், 'ரூமி ஃபிட்' என்று போட்டிருப்பதே அகலக் காலுக்கு. வெயிலில் காரின் டாஷ்போர்டு மேலோ மொட்டை மாடியிலோ விட்டால் சுருங்கிவிடும், அப்புறம் ஏறாது. குழந்தைகள் எஸ்கலேட்டரில் ஓரமாக நிற்கும்போது இதன் மெத்தென்ற ஓரம் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. நடைபாதைக் கடையில் இதே வடிவத்தில் முந்நூறு ரூபாய்க்குக் கிடைப்பதைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், அழுத்திய குழி நிமிர நேரமெடுத்தால் கொஞ்ச நாளில் குதிகால் பக்கம் தட்டையாகிவிடும். விலை வித்தியாசத்தில் பாதியாவது இதற்குத்தான், மீதி பெயருக்கு.

ஹவாய் செருப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தெருமுனை வரை சரி. நீண்ட தூரம் நடந்தால் கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கெண்டைக்கால் வலிக்கும்.

எதை வாங்கினாலும் சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள், பலருக்கு ஒரு கால் பெரிது, பெரிய காலுக்குத்தான் அளவு எடுக்க வேண்டும். ஷூ என்றால் உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். பாதம் இரண்டு பக்கமும் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை.

நாடு முக்கியம் என்கிறவர்கள் பிராண்டை விட்டுவிட்டு டப்பாவைத் திருப்புங்கள். இறக்குமதி என்றால் எந்த நாடு என்று அச்சிட்டே ஆக வேண்டும், ஆன்லைனிலும் அந்த வரி இருக்கும், விலைக்குக் கீழே வெகுதூரம் போய்த் தேட வேண்டும் அவ்வளவுதான். 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான வகைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம், சிறு உற்பத்தியாளர்களுக்கு மட்டும் விலக்கு. அதனால் தெருவோரம் ஒரு குடும்பம் கையால் தைத்து விற்கிற தோல் செருப்பில் முத்திரை இல்லையென்று ஒதுக்க வேண்டாம், அங்கே உங்கள் காலைக் காகிதத்தில் வரைந்து அந்த அளவுக்கே வெட்டித் தருவார்கள்.